கண்டாங்கிப் போர்வைக்குத் தையல் போடும் தண்ணீர்

காரைக்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: “பழைய கண்டாங்கிச் சேலைகளை வெட்டி ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வையை நீர்வண்ணத்தில் வரைகிறேன். ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் கறுத்த கோடு விழுகிறது. எப்படித் தவிர்ப்பது?”

தவிர்க்காதீர்கள். துணியும் துணியும் சேரும் தையல் அந்தக் கோடுதான்.

மேசையில் சிந்திய காபி காய்ந்தால் நடு வெளுத்து, ஓரம் வளையமாகக் கறுக்கும். அதே சங்கதிதான் இங்கும். சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் இதை விளக்கினார்கள். ஈரத்தின் ஓரம் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு நகராது. ஆவியாதல் அந்த ஓரத்தில்தான் வேகம். அங்கே குறையும் நீரை ஈடுகட்ட, நடுவிலிருந்து நீர் ஓரத்துக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறமித் துகள்களையும் கூடவே இழுத்து வருகிறது. நீர் பறந்துவிடும், துகள் தங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத இந்த ஓட்டம் எவ்வளவு அழகு!

300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) காகிதத்தில், சதுரங்கக் கட்டம்போல ஒன்றுவிட்டு ஒன்றாகத் துண்டுகளுக்கு வண்ணம் ஏற்றுங்கள். பலகையைச் சற்றே சாய்த்தால் கீழ் ஓரத்தில் நீர் தேங்கி, தையலின் ஒரு பக்கம் மட்டும் நிழல் கனக்கும். பக்கத்துத் துண்டைத் தொடுமுன் புறங்கையைக் காகிதத்தில் வையுங்கள். சில்லென்றிருந்தால் நீர் இன்னும் ஆவியாகிறது, பொறுங்கள். பாதி காய்ந்த வண்ணத்தில் ஈரப் பிரஷ் பட்டால், புதுநீர் துகள்களைத் தள்ளிக்கொண்டு போய்க் காலிஃபிளவர்போலத் திட்டாகும்.

செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில் நேர்மாறான சிக்கல்: துண்டை நிரப்பி முடிப்பதற்குள் தொடங்கிய இடம் காய்ந்து, நடுவிலேயே கோடு விழும். காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு வரையுங்கள். இதைக் கைராசி என்று சொல்லிப் பழகுநர்களை மனம் தளரவிடுவது தவறு. காரணம் காற்றும் வெயிலும்தான்.

இனி, 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கண்டாங்கியின் கட்டங்கள். கடுகு மஞ்சள் பூச்சு நன்றாகக் காய்ந்தபின் அரக்குச் சிவப்பில் நெடுங்கோடுகள். அவையும் காய்ந்தபின் குறுக்குக் கோடுகள். தறியில் சிவப்புப் பாவும் (நெடுக்கு நூல்) சிவப்பு ஊடையும் (குறுக்கு நூல்) சந்திக்கும் சதுரம் அடர்ந்திருக்கும், சிவப்பும் மஞ்சளும் சேருமிடம் மங்கலாகும். ஒளி ஊடுருவும் வண்ணம் இரண்டு அடுக்காக விழும்போதும் அப்படியே ஆகிறது. குறுக்குக் கோட்டை ஒரே இழுப்பில் போடுங்கள். நீர்வண்ணத்தில் நிறமியைப் பிடித்துவைக்கும் அரபிக் கோந்து காய்ந்த பின்னும் நீரில் கரையும். இரண்டாம் முறை தேய்த்தால் அடியிலுள்ள மஞ்சளும் கிளம்பிவிடும்.