ஸ்ட்ரோக் – வீச்சு: பெரிய ஆர்சி (ரேடியோ ரிமோட்டில் ஓடும் மாதிரி) கார்களின் எஞ்சின் பெயரில் இருக்கும் எண்

சிலிண்டரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பிஸ்டன் ஒருமுறை போவது ஒரு ஸ்ட்ரோக். திரும்பி வருவது இன்னொன்று. 'அடித்தல்' என்னும் வினையோடு உறவுள்ள ஆங்கிலச் சொல் இது. தமிழில் 'அடி' என்று எழுதுவோர் உண்டு. நீள அளவைக்கும் பாட்டின் வரிக்கும் அதே சொல் இருப்பதால் 'நாலடி எஞ்சின்' தடுமாற வைக்கும். 'வீசு' என்ற வினையிலிருந்து வந்த வீச்சு பிஸ்டனின் போக்குவரத்தை நேராகச் சொல்கிறது. ஆகவே இருவீச்சு எஞ்சின், நால்வீச்சு எஞ்சின்.

எஞ்சின் விவரங்களில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வேலை. ஒன்று நீளம்: நிஜக் காரில் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள ஆர்சி கார்களில் வரும் ஜெனோவா (Zenoah) ஜி260 இருவீச்சு எஞ்சினின் துளை, அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 34 மி.மீ., வீச்சு 28 மி.மீ.; கொள்ளளவு 25.4 சிசி. ஹோண்டா ஜிஎக்ஸ்25 நால்வீச்சு எஞ்சினில் 35, 26. அது 25 சிசி. மற்றது எண்ணிக்கை. ஒரு எரிப்புச் சுழற்சி முடிய எத்தனை வீச்சு வேண்டும் என்பதையே எஞ்சினின் பெயர் சொல்கிறது.

உறிஞ்சல், அமுக்கம், எரிப்பு, வெளியேற்றம் நான்குக்கும் தனித்தனி வீச்சு ஒதுக்கினால், பிஸ்டன் சுழற்றும் தண்டான கிராங்க் இரண்டு சுற்று சுற்ற வேண்டும். நிக்கோலாஸ் ஓட்டோ 1876-இல் இயக்கிக் காட்டியது இதுதான். இருவீச்சில் ஒரே சுற்றில் எல்லாம் முடியும். நிமிடத்துக்கு 7,000 சுற்றில் இருவீச்சு 7,000 முறை எரியும், நால்வீச்சு 3,500 முறை. ஆனாலும் ஆற்றல் அப்படியே இரட்டிப்பாகாது: புதுக் கலவை உள்ளே வரும்போதே கொஞ்சம் புகைவழியில் தப்பிவிடுகிறது. அதைத் திருப்பித் தள்ளவே அழுத்த அலையை எதிரொலிக்கும் டியூண்டு பைப் என்னும் புகைக்குழாய். இருவீச்சில் அதைச் சரியாக அமைத்தால் வேகம் வெளிப்படையாகத் தெரியும். நால்வீச்சில் அதே குழாயைப் பொருத்திப் பயனில்லை.

எண்ணெய் விஷயமும் இந்த எண்ணிலிருந்தே வருகிறது. இவ்வகை இருவீச்சில் கலவை கிராங்க் பெட்டி வழியாகத்தான் மேலே போகிறது. அங்கே எண்ணெயைத் தேக்கி வைக்க முடியாது. அதனால் பெட்ரோலிலேயே கலக்கிறோம். 25:1 என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மி.லி. இருவீச்சு எண்ணெய். வெறும் பெட்ரோல் ஊற்றினால் பிஸ்டனில் கீறல் விழுந்து, சிலிண்டரோடு இறுகிவிடும். புகைவழிப் பக்கம்தான் பெரும்பாலும் முதலில் கெடும். கார்புரேட்டரில் பெட்ரோல் குறைவாக வரும்படி ஊசியைத் திருகினாலும் இதே கதிதான், ஏனென்றால் பெட்ரோலோடு எண்ணெயும் குறைகிறது.

நால்வீச்சில் எண்ணெய்க்குத் தனி இடம். ஜிஎக்ஸ்25-க்கு 80 மி.லி. போதும். அளவுக்கு மேல் ஊற்றினால் அது காற்று வடிகட்டிவரை ஏறி, புகை கிளம்பும். கலந்த பெட்ரோல் இதற்கு வேண்டாம். ஸ்பார்க் பிளக்கிலும் வால்விலும் கரி படியும்.

வேகத்துக்கு ஓட்டுபவர்கள் இருவீச்சையே எடுக்கட்டும். நால்வீச்சின் நன்மை குறைந்த சத்தமும் பெட்ரோல் சிக்கனமும். ஜிஎக்ஸ்25 தன் உச்ச ஆற்றலை 7,000 சுற்றிலேயே தந்துவிடுகிறது. இந்தக் கார்களின் கிளட்ச், சுற்று கூடும்போது ஸ்பிரிங்கை மீறித் தானே பிடிப்பது; இருவீச்சுக்கென வந்த கடினமான ஸ்பிரிங்கை அப்படியே விட்டால் கிளட்ச் பிடிப்பதற்குள் நல்ல சுற்றெல்லாம் போய்விடும். மென்மையான ஸ்பிரிங் போட்டு, பல்சக்கர விகிதத்தையும் மாற்ற வேண்டும்.