மரத்தூள் எப்போது பலம் தருகிறது?

கதவிலோ கட்டிலிலோ விரிசல் தெரிந்தால் ஆசாரி கீழே கிடக்கும் மரத்தூளை அள்ளிப் பசையில் குழைத்து அடைத்துவிடுவார். படகு கட்டுபவர்கள் இதையே எப்பாக்சி என்ற பிசினில் செய்கிறார்கள். பலகைகள் சேரும் உள்மூலையில் சன்னமான மரத்தூளும் எப்பாக்சியும் குழைத்த கலவையைப் பூசி, வளைவாக வழித்துவிடுவார்கள். முதலாவது வெறும் அடைப்பு. இரண்டாவது, படகின் பாரத்தில் ஒரு பங்கைச் சுமக்கும் மூட்டு.

எப்பாக்சி என்பது ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்கள். கலந்ததும் மூலக்கூறுகள் பின்னிப் பிணைந்து, எல்லாத் திசையிலும் பரவிய ஒரே வலையாக இறுகுகின்றன. கெட்டியான வலைதான், ஆனால் நொறுங்கும் தன்மை உண்டு. விரிசல் விழுந்தால் அதை நிறுத்த உள்ளே எதுவும் இல்லை. 1907-ல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்லைட்டும் நொறுங்கும் பிசின்தான். அதற்கும் மரத்தூள்தான் கைகொடுத்தது. பழைய கறுப்பு ஸ்விட்சுகளுக்குள் இருப்பது பெரும்பாலும் இந்தக் கலவையே.

சரி, தூள் எப்படிப் பலம் தரும்? மரத்தின் பலம் அதன் இழைகளில் உள்ள செல்லுலோஸ் என்ற பொருளில் இருக்கிறது. அதன் படிகங்கள் நீளவாக்கில் கண்ணாடி இழையைவிட விறைப்பானவை. ஆனால் அந்தப் பலம் வெளியே வர, பிசின் மீது விழும் பாரம் மரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். இரண்டும் ஒட்டியிருக்கும் பரப்பு வழியாகத்தான் அது போக முடியும். துணுக்கு நீளமாக இருந்தால் ஒட்டும் பரப்பு அதிகம். பாரமும் முழுதாக உள்ளே இறங்கும். பைன் போன்ற ஊசியிலை மரங்களின் இழை சுமார் 3 மில்லிமீட்டர் நீளம் இருக்கும். அகலம் அதில் நூறில் ஒரு பங்குதான். ரம்பம் அந்த இழையைக் கண்டதுண்டமாக்கிவிடுகிறது. அதனால்தான் அறுவைத் தூளைக் கலந்தால் பொருள் விறைப்பாகிறது, ஆனால் இழுத்துப் பார்த்தால் பல நேரம் வெறும் எப்பாக்சியைவிடச் சீக்கிரம் அறுந்துபோகிறது. மரக்கழிவைக் கொட்டினாலே பலம் கூடும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். மெல்லிய இழைகளாகப் பிரித்தெடுத்த கழிவு தூளைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த சிக்கல் தண்ணீர். மரத்தின் பரப்பில் ஹைட்ராக்சில் தொகுதிகள் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு அணுக்கூட்டங்கள்) நிறைந்திருக்கின்றன. அவை காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். காய்ந்ததுபோல் தெரியும் தூளிலும் பத்து சதவீதத்தை ஒட்டி ஈரம் இருக்கும். அப்படியே கலந்தால் குமிழிகள் வரலாம், ஒட்டும் பரப்பும் பலவீனமாகும். ஆகவே முதலில் 105 டிகிரியை ஒட்டிய சூட்டில் உலர்த்துவார்கள். தேக்குத் தூளாக இருந்தால் கூடுதல் தொல்லை: அதன் இயற்கையான எண்ணெய்ப் பசை பிசினை ஒட்டவிடாது. நீர்த்த காஸ்டிக் சோடாவில் ஊறவைத்துக் கழுவினால் மெழுகும், மரத்தில் செல்லுலோசோடு சேர்ந்திருக்கும் ஹெமிசெல்லுலோசில் ஒரு பகுதியும் போய், பரப்பு சொரசொரப்பாகும். அப்புறம் சிலேன் என்ற வேதிப்பொருள். இதன் ஒரு முனை மரத்தின் ஹைட்ராக்சிலைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை எப்பாக்சி வலையில் கோத்துக்கொள்ளும். இந்தச் செலவைச் செய்யும்போதுதான் தூள் வெறும் நிரப்பியாக இல்லாமல் வலுவூட்டியாக மாறுகிறது.

தூளைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. கலவை தடித்து, ஒவ்வொரு துணுக்கையும் நனைக்கப் பிசின் போதாமல் போகும். உள்ளே காற்றுப் பொந்துகள் தங்கிவிடும். இன்னொரு பக்கம் ஒரு நன்மை: இறுகும்போது எப்பாக்சி வெளிவிடும் சூடு குறையும், சுருக்கமும் குறையும். பெரிய அச்சுகளில் வார்ப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

மரம் கலந்ததாலேயே இது மக்கிப்போகும் பொருள் ஆகிவிடாது. இறுகிய எப்பாக்சி உருகாது. மறுபடி வார்க்கவும் முடியாது. 2011-ல் பாரிஸில் லூத்விக் லீப்லர் குழு, சூடாக்கினால் பிணைப்புகள் இடம் மாறி வேறு வடிவம் எடுக்கும் எப்பாக்சி வகையைக் காட்டியது. விட்ரிமர் என்று பெயர். ஆனால் அதை மறுபடி வார்க்க 200 டிகிரிக்கு மேல் சூடு தேவைப்பட்டது. மரம் சிதையத் தொடங்குவதும் ஏறக்குறைய அதே சூட்டில்தான். மரத்தூளோடு சேர்த்து மறுபடி வார்க்க வேண்டுமென்றால், இன்னும் குறைந்த சூட்டில் இளகும் பிசின் வேண்டும்.