பேட்டரி வண்டிதானே என்று முறுக்காதீர்கள்

போன வெள்ளிக்கிழமை காலை பட்டறை திறக்கப் போனபோது வாசலில் ஒரு மின்சார ஸ்கூட்டர் நின்றிருந்தது. நின்றிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. குட்டியானையில் ஏற்றி வந்து இறக்கி, சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். ஹெட்லைட் இருந்த இடத்தில் ஓட்டை. முன் ஃபோர்க் இரண்டும் பின்பக்கமாக வளைந்து, சக்கரம் கால் வைக்கும் பலகையில் போய் முட்டியிருந்தது. மீட்டரைப் பார்த்தேன். 41 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது.

ஓட்டியவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. "எங்க வீட்டு வாசல்ல எடுத்தேன் தம்பி. எதிர்வீட்டுக் காம்பவுண்டுல கிடந்தேன். நடுவுல என்ன நடந்துச்சுன்னே தெரியல" என்றார். கூட வந்த மகன் தலையைக் குனிந்துகொண்டு, "பேட்டரி வண்டியில பிக்கப் இருக்காது, அப்பாவுக்கு அளவா இருக்கும்னுதாங்க வாங்கினோம்" என்றார்.

இந்த மாதம் இதே வசனத்தை நான் கேட்பது நான்காவது முறை. இனி ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை, எழுதியே வைத்துவிடுகிறேன்.

நாமக்கல்லில் இருபது வருடத்துக்கு மேலாக இரு சக்கர வண்டிப் பட்டறை வைத்திருக்கிறேன். லாரி ஊர் என்பதால் இங்கே சின்னப் பையனுக்கும் இழுவை என்றால் என்னவென்று தெரியும். அப்படிப்பட்ட ஊரிலேயே இந்தத் தப்பான எண்ணம் ஓடிக்கொண்டிருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். முதன்முதலில் இங்கே வந்த பேட்டரி ஸ்கூட்டர்கள் 250 வாட் மோட்டார், 25 கிலோமீட்டர் வேகம் என்ற வரம்புக்குள் செய்தவை. அந்த வரம்புக்குள் இருந்தால் நம்பர் பிளேட்டும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். மேம்பாலம் ஏறும்போது பின்னால் உட்கார்ந்தவர் இறங்கித் தள்ள வேண்டும். அதைப் பார்த்த கண்ணோடுதான் இன்னும் பலர் இன்றைய வண்டியைப் பார்க்கிறார்கள். இன்று ஓசூரில் செய்து வருகிற ஏத்தர் 450எக்ஸ் வண்டியின் மோட்டார் உச்சத்தில் 6.4 கிலோவாட். பழைய வண்டியைப் போல இருபத்தைந்து மடங்கு. பெயர் மட்டும் அதேதான், பேட்டரி வண்டி.

சரி, பிக்கப் விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும், மன்னிக்கவும்.

110 சிசி பெட்ரோல் ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கியதும் இன்ஜின் சுற்று ஏற வேண்டும், ஏறினால்தான் கிளட்ச் பிடிக்கும், பிடித்தால்தான் பெல்ட் இழுக்கும். அதன் முழு டார்க், அதாவது சுழற்றும் முறுக்கு விசை, ஏறக்குறைய 9 நியூட்டன் மீட்டர், நிமிடத்துக்கு 5000 சுற்றைத் தாண்டித்தான் வரும். இதற்குள் உங்களுக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கிறது. காதுக்கு இரைச்சல் கேட்கிறது, கைக்கு அதிர்வு தெரிகிறது. அதிகமாக முறுக்கிவிட்டோம் என்று வண்டி நகர்வதற்கு முன்பே உடம்பு சொல்லிவிடும். மின்சார மோட்டாரில் இந்த இடைவெளியே கிடையாது. சக்கரம் நின்றுகொண்டிருக்கும்போதே முழு டார்க்கும் தயாராக இருக்கிறது. நான் சொன்ன 450எக்ஸில் அது 26 நியூட்டன் மீட்டர். நின்ற இடத்திலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்துக்கு 3.3 விநாடி என்று கம்பெனியே சொல்கிறது. டிவிஎஸ் ஐக்யூப்புக்கு 4.2 விநாடி. குடும்ப வண்டி என்று சொல்லி விற்பதற்கே இவ்வளவு இழுவை.

இதைக் கேட்டதும் பையன்கள் நேர் எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்கள். "அண்ணா, 350 சிசி புல்லட்டுக்கே டார்க் 27தான், நம்ம ஸ்கூட்டர் 26!" என்று ஒருவன் பட்டறையிலேயே குதித்தான். தம்பி, உட்கார். அந்த 27 கியர்பாக்ஸுக்குப் போகிறது. முதல் கியரில் அது பல மடங்காகித்தான் சக்கரத்துக்கு வரும். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. (சில ஷோரூம்களிலும் இப்படித்தான் ஒப்பிட்டு விற்கிறார்கள். கேட்டால் சிரிக்கிறார்கள்.) ஒப்பிட வேண்டியது பவர். புல்லட்டுக்கு 20 குதிரைத்திறன், இந்த ஸ்கூட்டருக்கு எட்டரை. சிக்னலில் பச்சை விழுந்ததும் முதல் சில மீட்டருக்கு ஸ்கூட்டர் முந்தலாம், ஏனென்றால் அதில் கிளட்ச் விடவும் கியர் மாற்றவும் வேண்டியதில்லை. ஆனால் 60ஐத் தாண்டியதும் கதை மாறிவிடும்.

அந்தப் பையனுக்கு அந்த மாற்றம் பைபாஸில் தெரிந்தது. டவுனுக்குள் எல்லோரையும் முந்தின தைரியத்தில் 65 வேகத்தில் ஒரு கோழித்தீவன லாரியை முந்தப் பார்த்திருக்கிறான். பாதி லாரி தாண்டும்போது முறுக்குகிறான், முறுக்குகிறான், வேகம் ஏறவே இல்லை. பேட்டரி வேறு இருபது சதவீதத்துக்கும் கீழே. சார்ஜ் குறைந்தாலோ மோட்டார் சூடானாலோ வண்டி தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும், அது கோளாறு இல்லை, பேட்டரியைக் காப்பாற்றும் ஏற்பாடு. எதிரே பஸ். லாரிக்காரர் பிரேக் போட்டு இடம் கொடுத்ததால் பையன் இன்று என் பட்டறையில் உட்கார்ந்து டீ குடிக்கிறான். ஒரு 150 சிசி பைக்காக இருந்திருந்தால் கியரைக் குறைத்து முந்தியிருக்கலாம். ஸ்கூட்டரில் குறைக்க என்ன இருக்கிறது?

மலைக்கும் இதே கணக்குதான். கொல்லிமலை எங்களுக்குப் பக்கம், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இருவரோடு தொடர்ந்து இழுத்தால் மோட்டார் சூடாகி வேகம் குறையலாம், நிழலில் நிறுத்தி ஆறவிட்டால் சரியாகிவிடும். எனக்கு இறக்கம்தான் பயம். பெட்ரோல் பைக்கை இரண்டாவது கியரில் போட்டால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மின்சார வண்டியில் ஆக்சிலேட்டரை விட்டதும் மோட்டார் ஜெனரேட்டராகி வண்டியை இழுத்துப் பிடிக்கும், பேட்டரியும் கொஞ்சம் ஏறும். நல்ல ஏற்பாடு. ஆனால் மேலே தங்கிய இடத்தில் நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்கினால், அந்த மின்சாரம் போய்ச் சேர இடம் ஏது? பேட்டரி நிறைந்திருக்கும்போது அந்தப் பிடிப்பு குறைந்துவிடும். முழுப் பாரமும் பிரேக்கில் விழும். மலை மேல் சார்ஜை எண்பது சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காருக்கும் இதே பேச்சுதான்.

கார் என் தொழில் இல்லை, அதனால் சுருக்கமாக. பிஒய்டி சீல் என்ற மின்சாரக் காரின் உயர்ந்த மாடல் 100 கிலோமீட்டர் வேகத்தை 3.8 விநாடியில் தொடுகிறது. ஒரு காலத்தில் பந்தயக் காருக்குச் சொன்ன எண் இது. கியர் கார் ஓட்டிப் பழகிய நம் ஆட்கள் முதல் நாளே இடது காலைக் கிளட்ச் தேடி நீட்டி, பிரேக்கை ஓங்கி மிதிக்கிறார்கள். பின்னால் வருகிறவன் கதி? இடது காலை மடக்கி ஓரமாக வைக்கப் பழகும்வரை டவுனுக்குள் எடுக்காதீர்கள்.

இப்போது, தலைமையாசிரியர் வீட்டு வாசலில் நடந்தது. பெரும்பாலான வீடுகளில் வாசலுக்கும் தெருவுக்கும் நடுவே சாக்கடை, அதன் மேல் ஒரு கல். அவர் வண்டியை ஆன் செய்துவிட்டு, இன்ஜின் சத்தம் வரவில்லையே என்று இன்னும் ஆன் ஆகவில்லை என நினைத்திருக்கிறார். கீழே நின்றபடியே கைப்பிடியைப் பிடித்துக் கல் மேல் ஏற்ற இழுத்திருக்கிறார். வலது கை திரும்பியது, வண்டி பாய்ந்தது. பாய்ந்ததும் யாராக இருந்தாலும் இறுக்கித்தான் பிடிப்பார்கள். உடம்பு பின்னால் தங்கிவிடும், மணிக்கட்டு இன்னும் திரும்பும், வண்டி இன்னும் பாயும். நான்கு கேஸில் மூன்று இதேதான். அதில் ஒரு அம்மா, பாவம், பால் வாங்கி வந்து வண்டியை உள்ளே தள்ளும்போது கேட்டோடு விழுந்தார்.

அதனால் தயவுசெய்து, வண்டியைத் தள்ளுவதென்றால் முதலில் ஆஃப் செய்யுங்கள். பாதி வழியில் இறங்கினாலும் ஆஃப். வலது கையால் ஆக்சிலேட்டரைப் பிடித்துத் தள்ளவே தள்ளாதீர்கள், பின்சீட்டுக் கம்பியைப் பிடியுங்கள். ரிவர்ஸ் கொடுத்திருக்கிறார்கள், பயன்படுத்துங்கள். புது வண்டியை முதல் வாரம் இழுவையைக் குறைத்துக் கொடுக்கிற ஈகோ மோடில் மட்டும் ஓட்டுங்கள், அதுவும் காலி மைதானத்தில் நாலு ரவுண்டு அடித்த பிறகு. விரல் எப்போதும் பிரேக் மேல் இருக்கட்டும். சத்தம் இல்லாத வண்டி என்பதால் தெரு முனையில் ஹாரன் அடியுங்கள், நீங்கள் வருவது நாய்க்கும் குழந்தைக்கும் கேட்காது.

அப்புறம், ஒன்பதாவது படிக்கிற பிள்ளையிடம் டியூஷனுக்கு இதைக் கொடுத்து அனுப்புகிற அப்பாக்களே, கையெடுத்துக் கும்பிடுகிறேன். பச்சை நம்பர் பிளேட் இருந்தால் அது மோட்டார் வாகனம், லைசென்ஸ் கட்டாயம். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சிறார் ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு பன்னிரண்டு மாதம் ரத்து. இதற்கும் 'பேட்டரி வண்டிதானுங்களே' என்று என்னிடம் வராதீர்கள்.

நேற்று தலைமையாசிரியர் மறுபடி வந்தார். ஃபோர்க் இன்னும் வந்து சேரவில்லை. "இதோட பிக்கப்பைக் கொஞ்சம் குறைச்சுக் கொடுக்க முடியுமா தம்பி?" என்று கேட்டார். கைப்பிடிக்குப் பக்கத்தில் இருந்த மோடு பட்டனைக் காட்டி, ஸ்போர்ட்டில் இருந்ததை ஈகோவுக்கு மாற்றினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இது வாங்கும்போதே இருந்துச்சா?"

இருந்ததுங்க சார்.