எரிகிற மாடி விழுமா, நிற்குமா?

கொல்லன் பட்டறைக்கு முன்னால் கொஞ்சநேரம் நின்று பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கனவே தெரியும். உலையில் வைத்த இரும்பு உருகி ஓடுவதில்லை, சிவந்ததும் சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கிறது, அவ்வளவுதான். உருக்கு உருக ஏறக்குறைய 1,500 பாகை செல்சியஸ் வேண்டும், ஆனால் 600 பாகையை நெருங்கும்போதே அதன் பலத்தில் பாதி போய்விடும். மேசை, கதிரை, கடதாசி என்று ஒரு சாதாரண அலுவலகம் எரிந்தாலே அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

சரி, கீழே றோட்டில் நிற்கிற தீயணைப்பு அதிகாரி, மேலே எரிகிற மாடி விழுமா நிற்குமா என்று எதை வைத்து முடிவெடுக்கிறார்?

சுவாலையின் உயரத்தை வைத்து இல்லை. 2017 ஜூனில் லண்டனில் 24 மாடிக் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்தது, 72 பேர் இறந்தார்கள், ஆனால் அந்தக் கொங்கிறீட் கட்டடம் விழவில்லை. அதே வருடம் ஜனவரியில் தெஹ்ரானின் 17 மாடி பிளாஸ்கோ கட்டடம் மூன்றரை மணித்தியாலம் எரிந்துவிட்டுச் சரிந்தது, உள்ளே தீயணைப்பு வீரர்கள் இருக்கும்போதே. அது இரும்புச் சட்டத்தில் நின்ற கட்டடம், உள்ளே உடுப்புத் தைக்கிற இடங்களும் துணிக்கட்டுகளும். கல்முனையிலோ காத்தான்குடியிலோ ஒரு துணிக்கடையின் மேல்மாடி ஸ்ரோரை எட்டிப் பார்த்திருந்தால், அங்கே எரிவதற்கு எவ்வளவு இருந்திருக்கும் என்று நான் விளக்கத் தேவையில்லை.

ஆகவே முதல் கேள்வி, எது எதைத் தாங்கி நிற்கிறது. ஒரு பீம் போனால் ஒரு மூலை போகும், கீழ்மாடித் தூண் போனால் அதற்கு மேலே உள்ள எல்லாம் போகும். இரண்டாவது, எவ்வளவு நேரமாக எரிகிறது. தூண்களும் தளங்களும் ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம் என்று தீயைத் தாங்கும்படி உலையில் சோதித்துத் தரப்படுத்தப்படுகின்றன, ஆனால் அது சோதனை உலையின் நேரம். இரும்பின் மேல் பூசிய காப்பு கழன்றிருந்தாலோ, பிறகு யாரோ சுவரை உடைத்துக் கூடுதல் அறை கட்டியிருந்தாலோ அந்தக் கணக்குச் சரிவராது.

கொங்கிறீட்டின் கதை வேறு. சூடு உள்ளே மெதுவாகத்தான் போகும். ஆனால் அதற்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல் மேற்பரப்பைப் பொருக்குப் பொருக்காக வெடித்துத் தள்ளும், அப்புறம் கம்பி நேரே தீயில். எங்கள் கரையோர வீடுகளில் உப்புக் காற்றால் கம்பி துருப்பிடித்து, சிலாப்பின் அடிப்பக்கம் கழன்று விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட கட்டடத்தில் தீ அந்த வேலையைத் தொடங்கவே தேவையில்லை, பாதி ஏற்கனவே முடிந்திருக்கிறது.

எனக்குப் பிடித்த பகுதி இனித்தான். மட்டக்களப்பு ரயிலின் "டடக் டடக்" சத்தம், வெயிலில் விரிவதற்காகத் தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே விட்ட இடைவெளியால் வருவது. கட்டடத்துக்குள் அப்படி இடம் கிடையாது. 10 மீற்றர் இரும்புப் பீம் ஒன்று 500 பாகை கூடுதலாகச் சூடேறினால் 6 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் நீளும், நீள இடமில்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதைத் தள்ளும். 2001 செப்டெம்பர் 11 அன்று நியூயோர்க்கில் உலக வர்த்தக மையத்தின் 47 மாடி ஏழாம் இலக்கக் கட்டடத்தில் இதுதான் நடந்தது. விமானம் மோதாத கட்டடம் அது, பக்கத்துக் கோபுரத்தின் இடிபாடு பட்டுத் தீப்பிடித்தது, குழாயில் தண்ணீரும் இல்லை. விரிந்த பீம்கள் ஒரு முக்கியமான உத்தரத்தை அது உட்கார்ந்திருந்த தாங்கியிலிருந்து தள்ளிவிட்டன என்று பின்னால் வந்த விசாரணை கண்டுபிடித்தது.

அன்று றோட்டில் நின்றவர்களுக்கு உத்தரம் தெரியாது. தென்மேற்கு மூலையில் 10 முதல் 13 வரையான மாடிகளுக்கு நடுவே கட்டடம் புடைத்திருப்பதுதான் தெரிந்தது. நில அளவைக்காரர் முக்காலியில் வைத்துப் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து குறிவைத்தார்கள், கண்ணுக்குப் பிடிபடாத அசைவும் அதில் பிடிபடும். ஆட்களை விலக்கி, சுற்றிவர இடத்தைக் காலியாக்கினார்கள். மாலை 5.20 அளவில் கட்டடம் விழுந்தது, யாரும் சாகவில்லை.

சின்ன அடையாளங்களும் உண்டு: திடீரென்று திறக்க மறுக்கும் கதவு, தொய்ந்த தளம், படிக்கட்டுச் சுவரில் முன்பு இல்லாத வெடிப்பு, இரும்பு முனகுகிற சத்தம். பிறகு தண்ணீர். 1,000 லீற்றர் என்றால் ஒரு தொன், அடித்த தண்ணீர் படிக்கட்டால் இறங்கி வராவிட்டால் அது மேலேயே பாரமாக நிற்கிறது. தீ அடங்கினாலும் ஆபத்து முடியாது, நீண்ட பீம் ஆறும்போது சுருங்கும், மூட்டுகளைப் பிடுங்கும்.

இவ்வளவும் பார்த்தும் கணிப்புப் பிழையாகலாம். 1991 பெப்ரவரியில் பிலடெல்பியாவில் 38 மாடி மெரிடியன் பிளாசாவின் 22ஆம் மாடியில் தீ பிடித்தது. மூன்று வீரர்கள் இறந்துபோனார்கள். 11 மணித்தியாலம் போராடிய பிறகு, படிக்கட்டுச் சுவர் வெடித்திருப்பதையும் தளங்கள் தொய்ந்திருப்பதையும் பார்த்த பொறியியலாளர்கள் விழக்கூடும் என்றார்கள். எல்லோரையும் வெளியே எடுத்தார்கள், கட்டடத்தைத் தீயிடமே விட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரியான முடிவு. தீ ஏறி ஏறி 30ஆம் மாடிக்குப் போனது, அங்கே உட்கூரையில் பூட்டியிருந்த 10 தண்ணீர்த் தெளிப்பான்கள் அதை நிறுத்தின. கட்டடம் விழவில்லை. 1999இல் ஆள் வைத்துத்தான் இடித்தார்கள்.