100 வாட்டா, 84 வாட்டா?

ஹாம் ரேடியோ (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக அலைகளை அனுப்பவும் வாங்கவும் வைத்திருக்கும் செட்) வைத்திருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் செட்டை 100 வாட்டில் வைத்தால் என் மீட்டர் 100 காட்டுகிறது, நண்பருடைய மீட்டர் 84 காட்டுகிறது. எதை நம்புவது?"

இரண்டையுமே சந்தேகிக்கலாம். சாதாரண வாட் மீட்டரில் 10 சதவீதம் முன்பின் இருப்பது சகஜம். உண்மையில் 92 வாட் வெளியே வருகிறது, ஒரு மீட்டர் ஏற்றியும் மற்றது இறக்கியும் காட்டுகிறது என்றால் கணக்கு சரியாகிவிடும். அந்த 10 சதவீதமும் பல மீட்டர்களில் முழு ஸ்கேலுக்குச் சொல்லப்படுவது. 200 வாட் ஸ்கேலில் அது 20 வாட். அதே ஸ்கேலில் 20 வாட்டை அளந்தாலும் பிழை 20 வாட் வரை போகலாம். இதை எந்த டப்பாவிலும் பெரிய எழுத்தில் போடுவதில்லை.

வோல்ட்டை அளந்து, வர்க்கப்படுத்தி, மின்தடையால் வகுத்தால் வாட். பள்ளிப் பாடம்தான். 50 ஓம் டம்மி லோடில் (ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டி, வரும் திறனைச் சூடாக்கிவிடும் மின்தடை) 100 வாட் இறங்கினால் அதன் குறுக்கே 70.7 வோல்ட், உச்சத்தில் 100 வோல்ட். ஆனால் 14 மெகாஹெர்ட்ஸில் மல்டிமீட்டரின் ஒயரே ஒரு சுருளாக நடந்துகொள்ளும் என்பதால் அதை நம்ப முடியாது. அதனால் மலிவு மீட்டர்களில் டையோடு ஒன்று உச்ச வோல்ட்டைப் பிடித்து டி.சி.யாக மாற்றித் தருகிறது. சிலிக்கான் டையோடு தன் பங்காகச் சுமார் 0.6 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். 100 வாட்டில் இது பெரிதாகத் தெரியாது. 1 வாட்டில் உச்சமே 10 வோல்ட்தான், அதில் 0.6 போனால் வாட் கணக்கில் ஏறக்குறைய 12 சதவீதம் காணாமல் போகும். செட் சுத்தமான அலையைத் தராவிட்டால் இன்னொரு கூத்து. மூல அலையின் வோல்ட்டில் பத்தில் ஒரு பங்குள்ள ஒத்திசை அலை (மூல அதிர்வெண்ணின் மடங்கில் வரும் உபரி அலை) கூடவே வந்தால், அது சுமக்கும் திறன் 1 சதவீதம்தான். ஆனால் உச்சம் 10 சதவீதம் வரை ஏறலாம், மீட்டரோ 20 சதவீதம் கூட்டிக் காட்டும்.

சூட்டுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. அலையின் வடிவம் எப்படியிருந்தாலும், அதிர்வெண் எதுவானாலும், மின்தடையில் இறங்கிய ஒரு வாட் ஒரு வாட்தான். அதைக் காசு போல எண்ண வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த வேலை அதுதான்.

தெர்மிஸ்டர் என்பது சூடேறினால் மின்தடை குறையும் பொருள். குண்டூசித் தலையை விடச் சிறிய தெர்மிஸ்டர் மணி ஒன்றை வீட்ஸ்டன் சமனச் சுற்றின் (மின்தடைகளை ஒப்பிட்டு, சமநிலை குலைந்தால் காட்டிக்கொடுக்கும் சுற்று) ஒரு கையில் வைக்கிறார்கள். அதற்குள் டி.சி.யைச் செலுத்திச் சூடாக்கி, மின்தடை சரியாக 200 ஓம் ஆகும்படி நிறுத்துகிறார்கள். இதற்கு 30 மில்லிவாட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அதே மணிக்குள் ரேடியோ அலையை விடுங்கள். மணி கூடுதலாகச் சூடேறப் பார்க்கும், சமநிலை குலையப் பார்க்கும். உடனே சுற்று தானாகவே டி.சி.யைக் குறைத்து மணியைப் பழைய 200 ஓமுக்கே கொண்டுவந்துவிடும். டி.சி. 29 மில்லிவாட்டுக்கு இறங்கியிருந்தால், ரேடியோ அலை கொடுத்தது 1 மில்லிவாட். எடைக்கற்கள் இருக்கும் அதே தட்டில் சரக்கையும் வைத்து, முள் பழையபடி நேராகும்வரை கற்களை எடுத்து, எடுத்த கற்களைக் கூட்டிச் சொல்வதற்குச் சமம் இது. தராசு கோணலாக இருந்தாலும் கவலையில்லை. மணியின் வெப்ப ஏற்புத்திறன் என்ன, எவ்வளவு சூடு காற்றில் கசிகிறது என்று எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம். முன்னும் பின்னும் அது ஒரே வெப்பநிலையில் இருக்கிறதே! அறைச் சூடு நடுவில் மாறினால்? ரேடியோ அலை படாத இன்னொரு தெர்மிஸ்டரைப் பக்கத்திலேயே வைத்து, அதன் மாற்றத்தைக் கழித்துவிடுகிறார்கள்.

சூட்டால் மின்தடை மாறுவதைச் சமனச் சுற்றில் பிடிக்கும் போலோமீட்டரை 1880 வாக்கில் உருவாக்கியவர் அமெரிக்க வானியலாளர் சாமுவேல் லாங்லி. அவர் அளக்க நினைத்தது சூரியக் கதிரின் வெப்பத்தை.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. வரும் அலையில் கொஞ்சம் மணியை எட்டாமல் வழியில் உலோகச் சுவரிலேயே சூடாகிவிடும். அது எவ்வளவு என்று அறிய, முழு அமைப்பையும் ஒரு நுண் கலோரிமீட்டருக்குள் அடைத்து, எல்லாச் சூட்டையும் சேர்த்து அளக்க வேண்டும். வெப்பநிலை நிலைப்படவே வெகுநேரம் ஆகும் பொறுமையான வேலை. அளவுத்தரங்களைக் காக்கும் தேசிய ஆய்வகங்கள் செய்வது. நம் நாட்டில் அளவுத்தரங்களுக்குப் பொறுப்பு புது தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். ராக்கெட் கிளம்பினால் தொலைக்காட்சி நேரலை உண்டு. அதன் ட்ரான்ஸ்மிட்டர் எத்தனை வாட் என்று உறுதி சொல்லும் அளவியலுக்கு ரிப்பன் வெட்டக்கூட ஆள் வருவதில்லை. நிதி ஒதுக்குபவர்கள் இந்தப் பக்கமும் கொஞ்சம் திரும்பலாம்.

தெர்மிஸ்டர் தாங்குவது மில்லிவாட்தான். 100 வாட்டை 1 மில்லிவாட் ஆக்க 50 டெசிபல் அட்டெனுவேட்டர் (ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் திறனைப் பத்தில் ஒன்றாகக் குறைக்கும் கருவி) வேண்டும், அதில் 0.2 டெசிபல் தவறு இருந்தால் முடிவில் 5 சதவீதம் போய்விடும். ஒலிபரப்பு நிலைய அளவுகளில் தண்ணீர் ஓடும் லோடில் திறனை இறக்கலாம். நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓடி, தண்ணீர் 14.3 டிகிரி சூடேறி வெளியே வந்தால் 10 கிலோவாட்.

தெர்மிஸ்டர் மணியிடம் செய்த அந்த டி.சி. வேலையை வாசகரின் வீட்டிலும் செய்யலாம். சிறிய டம்மி லோடின் மேல் வெப்பமானி ஒன்றை ஒட்டி, காற்றாடியை நிறுத்திவிட்டு, செட்டை 10 வாட்டில் வைத்து விடாமல் அனுப்புங்கள். பேச்சு வேண்டாம், எஃப்.எம். போன்ற தொடர் அலையாக இருக்கட்டும். வெப்பநிலை ஏறி நின்றதும் குறித்துக்கொண்டு, செட்டைக் கழற்றி அதே லோடில் டி.சி. பவர் சப்ளையை மாட்டி, அதே வெப்பநிலை நிலைக்கும்வரை திருகுங்கள். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் உண்மையான வாட். 22.4 வோல்ட், 0.45 ஆம்பியர் பக்கம் வந்தால் செட் சொன்னது சரி. லோடை ஒட்டியே இரண்டு மீட்டர்களையும் மாட்டி இதே சோதனையைச் செய்தால், 10 வாட் பக்கம் எது எவ்வளவு விலகுகிறது என்று தெரிந்துவிடும்.

100-க்கும் 84-க்கும் உள்ள வித்தியாசம் 0.76 டெசிபல். எதிர்முனையில் கேட்பவரின் எஸ் மீட்டரில் (வரும் அலையின் வலுவைக் காட்டுவது) ஒரு எஸ் ஏற 6 டெசிபல், அதாவது நான்கு மடங்கு திறன், வேண்டும். உரிமம் அனுமதிக்கும் உச்சவரம்பை உரசிக்கொண்டு ஓட்டுபவர்களுக்குத்தான் இந்த 16 வாட் பெரிய விஷயம்.