மேட்டுக் கிணற்றையும் பாருங்கள்

"போர் தண்ணில பருப்பு வேக மாட்டேங்குய்யா. டீ போட்டா கருத்துப் போவுது."

நெல்லைக்கு வெளியே, ஒரு குப்பைக் கிடங்கை ஒட்டிக் குடியிருக்கும் ஆச்சி சொன்னது. கையில் ஆய்வு அறிக்கையும் வைத்திருந்தார். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பின் அளவு, அதை மட்டும் பார்த்துவிட்டு 'அளவுக்குள் உள்ளது' என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500-இன்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம்தான் ஏற்கத்தக்கது. வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை விடுவார்கள். குப்பைக் கசிவு ஒளிந்துகொள்ள அந்த இடைவெளி தாராளமாகப் போதும். போதாததற்கு, நம் பக்கம் பல ஊர்களில் தண்ணீரே இயல்பாகச் சவர்.

அதனால் நான் முதலில் தேடுவது மேட்டுக் கிணற்றை, அதாவது நிலத்தடி நீர் குப்பையைத் தொடுவதற்கு முன் கடந்து வரும் பக்கத்துக் கிணற்றை. சுற்றியுள்ள மூன்று கிணறுகளிலாவது, மோட்டார் ஓடாத நேரத்தில், ஒரே நாளில் நீர்மட்டம் அளக்க வேண்டும். தரையின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கில் சேர்த்தால் நிலத்தடி நீர் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். குப்பைக்கு மேற்புறக் கிணறும் கீழ்ப்புறக் கிணறும் ஒரே மாதிரி உப்பாக இருந்தால் அது பெரும்பாலும் மண்ணின் குணம். கீழ்ப்புறத்தில் மட்டும் குளோரைடு, அம்மோனியா, பொட்டாசியம் மூன்றும் ஏறியிருந்தால் கிடங்கைச் சந்தேகிக்கலாம். பக்கத்தில் செப்டிக் டேங்க் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் இதே வேலையைச் செய்யும்.

நமக்கு அடியில் கடினப்பாறை. தண்ணீர் அதன் வெடிப்புகள் வழியாகத்தான் ஓடும். கிடங்கை ஒட்டிய போர் நன்றாக இருக்க, அரை கிலோமீட்டர் தள்ளியிருப்பது கெட்டுப்போவதும் நடக்கும். 2016 திடக்கழிவு விதிகள் புதிய நிலநிரப்பு இடங்களுக்குக் களிமண் படுகையும் பிளாஸ்டிக் விரிப்பும் கேட்டன. பழைய மேடுகளில் பலவற்றுக்கு அடியில் வெறும் தரைதான்.

ஆச்சியின் பேரன், மோட்டார் போட்டதும் வந்த தண்ணீரைச் சோடா பாட்டிலில் பிடித்துக் கொடுத்திருக்கிறான். அது குழாய்க்குள் கிடந்த தண்ணீர். நான் மோட்டாரை ஓடவிட்டு, மின்கடத்துதிறன் மீட்டரில் எண் ஆடாமல் நின்ற பிறகே பிடித்தேன். உலோகச் சோதனைக்கு நைட்ரிக் அமிலம் விட்ட தனி பாட்டில். எல்லாம் ஐஸ் பெட்டிக்குள் போயின. ஒரு தடவை போதாது. மழை முடிந்து குளம் பெருகினால் ஓட்டமே மாறலாம். சித்திரையில் ஒன்று, தையில் ஒன்று எடுக்க வேண்டும்.

"காய்ச்சிக் குடிச்சா சரியாயிருமாய்யா?" என்று கேட்டார்.

கிருமி சாகும் ஆச்சி, உப்பும் நைட்ரேட்டும் போகாது. வற்ற வற்றக் கூடத்தான் செய்யும் என்றேன். முடிவு வரும்வரை குடிக்கவும் உலை வைக்கவும் கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.