சைலண்ட் மோடில் முகூர்த்தம் எடுப்பவர்கள் கவனத்துக்கு: சர்வீஸ் மேசையிலிருந்து ஷட்டர் பற்றி

கல்யாண சீசனில் எங்களிடம் வரும் கேமராக்களில் ஒரு வகை உண்டு. "சென்சார் போயிடுச்சு சார், படமெல்லாம் கோடு கோடா வருது" என்று பதற்றத்தோடு கொண்டுவருவார்கள். எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்போம். மணமகளின் நெற்றியில் நல்ல வெளிச்சம், கண் இருக்கும் இடத்தில் மங்கல், கீழே மறுபடி வெளிச்சம், மாலையில் மறுபடி மங்கல். சம இடைவெளியில் பட்டை பட்டையாக இருக்கும். சென்சாருக்கு, அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லுக்கு, ஒன்றும் ஆகியிருக்காது. மெனுவைத் திறந்தால் சைலண்ட் ஷட்டர் ஆனில் இருக்கும்.

அதை ஏன் போட்டார்கள் என்பதும் தெரிந்ததுதான். மந்திரம் ஓதும்போது "டக் டக்" சத்தம் வேண்டாம் என்பார்கள். பக்கத்தில் நிற்கும் வீடியோக்காரர் "அண்ணே, மைக்ல ஏறுது" என்பார். நியாயமான காரணம்தான். ஆனால் அந்த ஒரு பட்டனைத் தட்டியதும் கேமரா ஒளியை வாங்கும் விதமே மாறிவிடுகிறது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. தாலி கட்டும் நேரத்தை இன்னொரு முறை எடுக்க முடியாது என்பதால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் மெக்கானிக்கல் ஷட்டர். சென்சாருக்கு முன்னால் இரண்டு திரைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து விரியும் சில மெல்லிய தகடுகள். பட்டனை அழுத்தியதும் முதல் திரை விலகும், குறித்த நேரம் கழித்து இரண்டாம் திரை வந்து மூடும். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மில்லிமீட்டர். அதைக் கடக்க ஒரு திரைக்கு ஏறத்தாழ 1/300 வினாடி ஆகும். நீங்கள் ஷட்டர் ஸ்பீடை 1/60 வினாடி வைத்தாலும் 1/4000 வைத்தாலும் திரை ஓடும் வேகம் அதேதான். 1/60-இல் முதல் திரை முழுதாக விலகி, சென்சார் மொத்தமும் திறந்து நிற்கும், பிறகுதான் இரண்டாவது கிளம்பும். 1/4000-இல் அப்படிக் காத்திருக்க நேரமில்லை. முதல் திரை ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது அதைத் துரத்தும். இரண்டுக்கும் நடுவே சுமார் 2 மில்லிமீட்டர் இடுக்கு மட்டும் சென்சாரின் குறுக்கே கடந்துபோகும். 1/8000 என்றால் அந்த இடுக்கு 1 மில்லிமீட்டர்கூட இருக்காது.

ஃபிளாஷ் சிங்க் ஸ்பீடு, அதாவது ஃபிளாஷோடு எடுக்கக்கூடிய உச்ச ஷட்டர் ஸ்பீடு, என்ற ஒன்று இருப்பதற்கு இதுதான் காரணம். ஃபிளாஷின் ஒளி ஒரு கணத்தில் வந்து மறைந்துவிடும். அந்தக் கணத்தில் சென்சார் முழுதும் திறந்திருக்க வேண்டும். கேனான் 5டி மார்க் 4-இல் அதற்கான எல்லை 1/200, நிக்கான் டி850-இல் 1/250. அதைத் தாண்டி சாதாரண டிரிகரோடு (ஃபிளாஷைச் சுட வைக்கும் கருவி) எடுத்தால், இரண்டாம் திரை ஏற்கெனவே மறைத்துவிட்ட பகுதிக்கு ஃபிளாஷ் ஒளி போய்ச் சேராது. படத்தின் ஒரு ஓரம் கறுத்துப்போகும். இதையும் "ஷட்டர் கம்ப்ளைன்ட்" என்று கொண்டுவருகிறார்கள். ஹை ஸ்பீடு சிங்க் போட்டால் ஃபிளாஷ் இடுக்கு நகரும் நேரம் முழுவதும் விட்டுவிட்டுத் துடிக்கும். கறுப்பு போய்விடும், ஆனால் ஃபிளாஷின் பலம் வெகுவாகக் குறையும்.

சரி, எலக்ட்ரானிக் ஷட்டருக்கு வருவோம். சைலண்ட் மோடு போட்டால் வேலை செய்வது இதுதான். இதில் எந்தத் தகடும் அசைவதில்லை. சென்சாரே ஒரு முனையிலிருந்து வரிசை வரிசையாகத் தன்னை வாசித்துக்கொண்டு போகிறது. ஜெராக்ஸ் மெஷினில் கண்ணாடிக்கு அடியில் விளக்கு நகர்ந்துகொண்டே படிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் தாளை இழுத்தால் எழுத்து சாய்ந்துவிடும் அல்லவா, அதே கதைதான். மெக்கானிக்கல் திரை 1/300 வினாடியில் கடக்கும் தூரத்தை வாசித்து முடிக்க, இன்று கல்யாணங்களில் புழங்கும் பல மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களுக்கு 1/15 முதல் 1/50 வினாடி வரை ஆகிறது. கேமராவின் டிஸ்பிளேயில் 1/1000 என்று காட்டும். ஒவ்வொரு வரிசையும் அந்த அளவு நேரம்தான் ஒளி வாங்கியிருக்கும், உண்மைதான். ஆனால் முதல் வரிசை வாங்கிய நேரத்துக்கும் கடைசி வரிசை வாங்கிய நேரத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். கெட்டி மேளம் வாசிக்கும் தவில்காரரின் குச்சி படத்தில் வில்லாக வளைந்திருப்பது அதனால்தான். லென்ஸில் எந்தக் குறையும் இல்லை.

இப்போது கோடுகளுக்கு வரலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். டியூப் லைட்டும் மலிவான எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. சென்சார் 1/20 வினாடி எடுத்து வாசித்தால் அதற்குள் விளக்கு 5 முறை மங்கி எழுந்துவிடும். படத்தில் 5 பட்டைகள் விழும். மெக்கானிக்கல் ஷட்டர் அதே விளக்கில் முழுப் பட்டைகளைக் காட்டாது. திரை கடக்கும் நேரம் விளக்கின் ஒரு துடிப்பில் பாதிகூட இல்லை. அதற்குப் பதிலாக ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்த படம் மங்கலாகவும், சிலவற்றில் ஒரு ஓரம் மட்டும் நிறம் மாறியும் வரும். கேனான் 2014-இல் 7டி மார்க் 2-இல் கொண்டுவந்த ஆன்டி ஃபிளிக்கர் வசதி, விளக்கு உச்சத்தில் இருக்கும் நேரம் பார்த்து ஷட்டரைத் திறக்க வைக்கிறது. இன்று பெரும்பாலான நல்ல கேமராக்களில் இது உண்டு. மண்டபத்துக்குள் நுழைந்ததும் ஆன் செய்துவிடுங்கள்.

மேடைக்குப் பின்னால் சுவர்போல வைக்கும் பெரிய எல்இடி திரை, அதாவது எல்இடி வால், வேறு ரகம். அது நொடிக்கு நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ துடிக்கும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டரிலும் மெல்லிய கோடுகள் விழலாம், எலக்ட்ரானிக்கில் கேட்கவே வேண்டாம். அதனால் என் யோசனை இதுதான்: எல்இடி வால், சீரியல் லைட், டியூப் லைட் எது இருந்தாலும் சைலண்ட் மோடு வேண்டாம். போட்டே ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள் என்றால் ஷட்டர் ஸ்பீடை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள். ஒவ்வொரு வரிசையும் விளக்கின் முழுத் துடிப்பை வாங்கிக்கொள்ளும், 100 ஹெர்ட்ஸ் பட்டைகள் மறைந்துவிடும். முகூர்த்தம் தொடங்குவதற்கு முன்பே காலியாக இருக்கும் மணவறையை நாலு படம் எடுத்து, பெரிதாக்கிப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் முழுப் படமாகப் பார்த்தால் கோடு கண்ணில் படாது. இன்னொன்று: எலக்ட்ரானிக் ஷட்டரில் பெரும்பாலான கேமராக்கள் ஃபிளாஷைச் சுடவே விடாது. "ஃபிளாஷ் வேலை செய்யலை" என்று வருபவர்களிடம் நாங்கள் முதலில் கேட்பதே சைலண்ட் மோடு போட்டிருக்கிறீர்களா என்றுதான்.

இரண்டுக்கும் நடுவே எலக்ட்ரானிக் முதல் திரை என்று ஒன்று உண்டு. தொடக்கம் மின்னணு முறையில், முடிப்பது தகடு. சத்தமும் அதிர்வும் குறைவு. கல்யாண வேலைக்கு எனக்குப் பிடித்தது இதுதான். வெயிலில் லென்ஸை எஃப் 1.4 என்று அகலத் திறந்து 1/4000 போன்ற வேகத்துக்குப் போனால் மட்டும் பின்னணி ஒளிவட்டங்கள் ஒரு பக்கம் வெட்டுப்பட்டு வரும். அங்கே முழு மெக்கானிக்கலுக்கு மாறிவிடுங்கள்.

புதிய கேமராக்களில் இந்தத் தொல்லை குறைந்துகொண்டு வருவது உண்மை. 2021-இல் வந்த நிக்கான் இசட் 9-இல் மெக்கானிக்கல் ஷட்டரே கிடையாது. அதன் சென்சார் அவ்வளவு வேகமாக வாசிக்கிறது. 2023-இல் சோனி அறிவித்த ஏ9 மூன்றாம் தலைமுறையில் எல்லா வரிசைகளும் ஒரே கணத்தில் ஒளி வாங்குகின்றன. குச்சி வளையாது, எந்த ஷட்டர் ஸ்பீடிலும் ஃபிளாஷ் சேரும். ஆனால் அவற்றின் விலையில் நம்மூரில் ஒருவர் முழு செட்டே வாங்கிவிடலாம்.

இனி, கைபட்டு வீணாகும் ஷட்டர்கள். சில மிரர்லெஸ் கேமராக்கள் ஆஃப் செய்ததும் ஷட்டரை மூடிக்கொள்ளும். லென்ஸைக் கழற்றினால் கறுப்பாக ஒரு தகடு தெரியும். அதில் தூசி தெரிகிறதே என்று துணியால் துடைக்கிறார்கள், விரலால்கூடத் தொடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். லேசாக அழுந்தினாலே ஒரு தகட்டின் ஓரம் நெளிந்து பக்கத்துத் தகட்டில் மாட்டிக்கொள்ளும். அடுத்த கிளிக்கில் டிஸ்பிளேயில் எர்ரர். சந்தையில் விற்கும் கேஸ் அடைத்த ஏர் ஸ்பிரேயும் வேண்டாம், ரப்பர் புளோயர் போதும். அதன் மூக்கும் உள்ளே போகக் கூடாது. உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆரில் சென்சார் கிளீனிங் செய்யும்போது முழு சார்ஜுள்ள நல்ல பேட்டரி போடுங்கள். நடுவில் பேட்டரி தீர்ந்தால் கண்ணாடியும் திரையும் உள்ளே இருக்கும் துடைப்பான் மேலேயே வந்து விழும்.

வெயிலும் அப்படித்தான். மூடி போடாத கேமராவை டிரைபாடில் மாட்டி மொட்டை மாடியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் உண்டு. சூரியன் லென்ஸ் வழியே குவிந்து நின்றால், ஷட்டர் மூடியிருந்தால் தகடு கருகும், திறந்திருந்தால் சென்சார் கருகும். ரிசப்ஷனில் சுழலும் லேசர் விளக்குகள் இன்னும் ஆபத்து. மிரர்லெஸ்ஸில் நாம் குறி பார்க்கும் நேரமெல்லாம் ஷட்டர் திறந்தே இருப்பதால் கதிர் நேராகச் சென்சாரில் விழும். அந்த இடம் செத்துப்போனால் படத்தில் நிரந்தரக் கோடுதான். டிஜே வந்ததும் லேசர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்து நிற்க வேண்டும்.

கடைசியாக, பழைய கேமரா வாங்குபவர்களுக்கு. ஷட்டர் கவுன்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை முறை ஓடியது என்ற எண்ணிக்கை) மட்டும் பார்த்து விலை பேசாதீர்கள். 5டி மார்க் 4-க்கு 1,50,000, டி850-க்கு 2,00,000, கேனான் 1டி எக்ஸ் மார்க் 3-க்கு 5,00,000 என்று நிறுவனங்கள் சொல்வது சோதனையில் தாங்கிய அளவு. அதற்கு முன்பே போனதும் உண்டு, அதைத் தாண்டி நன்றாக ஓடுவதும் உண்டு. வீடியோவுக்கே ஓடிய கேமராவில் கவுன்ட் குறைவாகக் காட்டும், ஆனால் சென்சார் மணிக்கணக்கில் சூடேறியிருக்கும். நீங்களே ஒரு சோதனை செய்யலாம். முழு மெக்கானிக்கல் மோடில் வைத்து, அதன் உச்ச வேகமான 1/4000 அல்லது 1/8000-க்குப் போய், பகல் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவரையோ மேகமில்லாத வானத்தையோ தொடர்ந்து எடுங்கள். இடுக்கு அத்தனை சிறிதாக இருக்கும்போது ஒரு திரை சற்றே தயங்கினாலும் படத்தின் ஒரு பக்கம் இருண்டு காட்டிக்கொடுத்துவிடும். எல்லாப் படங்களும் ஒரே சீரான வெளிச்சத்தில் வந்தால் வாங்கலாம். ஒன்றிரண்டு படம் மாறினால், அந்த மாடலுக்கு ஷட்டர் யூனிட் மாற்ற என்ன ஆகும் என்று சர்வீஸில் விசாரித்து, அதைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.